மோட்டார்ஹோமில் போகும்போது டயர் வெடித்தால்... கால் எங்கே இருக்க வேண்டும்?

முதலில் சத்தம்தான் கேட்டது. பக்கத்து லேனில் போன டிரக்கில் ஏதோ வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு விநாடி இருக்கும். அதற்குள் ஸ்டீயரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு வலது பக்கம் ஓடியது. முப்பதடி நீள வண்டி. உள்ளே ஐந்து பேர். வேகம் மணிக்கு 65 மைல். என் வலது கால் தானாகவே பிரேக்கை நோக்கிப் போனது.

"பிரேக்க தொட்றாதீங்க மாப்ள! ரேஸ் குடுங்க, ரேஸ் குடுங்க!"

கத்தியவர் பக்கத்து சீட்டில் இருந்த மாமனார். நாமக்கல்லில் லாரி எடுத்தால் டெல்லி, அசாம் என்று முப்பது வருஷம் ஓட்டியவர். அமெரிக்காவுக்கு வந்து அன்றைக்குப் பதினோராவது நாள். வெடித்த டயர் அவர் காலுக்கு நேர் கீழேதான் இருந்தது.

2024 ஜூன். அரிசோனாவின் ஃபீனிக்ஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் லாஸ் ஏஞ்சலஸ் போய்க்கொண்டிருந்தோம். மாமா, அத்தைக்குக் கடலையும் காட்ட வேண்டும், ஓட்டல் செலவும் மிச்சமாக வேண்டும் என்று ஒரு ஆப் மூலமாக மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்திருந்தேன். நம்ம ஊரில் கேரவன் என்று சொல்கிறோமே, அதுதான். ஆனால் இங்கே ஷூட்டிங்குக்கு இல்லை. குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு எடுத்துக்கொண்டு போகிற, சமையலறை, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி.

இங்கே வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர் இப்போது இதை ஒருமுறையாவது எடுத்துப் பார்க்கிறார்கள். கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன், டெத் வேலி என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நிறைகிறது. இதில் யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் 26,000 பவுண்ட் வரையுள்ள மோட்டார்ஹோமை ஓட்டச் சாதாரண கார் லைசென்ஸே போதும். வெள்ளிக்கிழமை வரை கரோலா ஓட்டியவர் சனிக்கிழமை காலை ஆறரை டன் வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டு ஹைவேயில் ஏறிவிடலாம். நானும் அப்படித்தான் ஏறினேன். தண்ணீர்த் தொட்டியை எப்படி நிரப்புவது, கழிவுநீரை எங்கே திறந்துவிடுவது என்று முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தார் வண்டிக்காரர். டயரைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரேக் ஏன் எதிரியாகிறது?

கார் ஓட்டும் எல்லாருக்கும் ஆபத்து என்றால் பிரேக் என்றுதான் காலுக்குப் பழக்கம். டயர் வெடிக்கும்போது அந்தப் பழக்கம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? சேறு இருக்கும் பக்கம்தான். அந்தச் சக்கரம் மட்டும் பின்னுக்கு இழுக்க, மற்றவை முன்னே போகப் பார்க்கின்றன. காற்றுப் போன டயரும் அப்படித்தான். நல்ல டயர் உருளும். வெடித்த டயர் தரையைப் பிடித்து இழுக்கும். முன்பக்க வலது டயர் போனால் வண்டி வலதுபுறம் இழுபடும். என் கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கியது அந்த இழுப்புதான்.

இந்த நேரத்தில் பிரேக் அடித்தால் வண்டியின் எடை முன்னுக்குச் சாய்ந்து, ஏற்கெனவே சப்பையாகக் கிடக்கும் டயரின் மேலேயே விழுகிறது. இழுப்பு இன்னும் கூடுகிறது. பின்சக்கரங்களின் பிடி குறைகிறது. வண்டி சுற்றப் பார்க்கிறது. டிரைவர் பயந்துபோய் எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கை வெட்டி ஒடிப்பார். கார் என்றால் ஒருவேளை தப்பிக்கலாம். பத்தடிக்கு மேல் உயரம், மேலே ஏசி, தலைக்கு மேல் கட்டில் என்று உச்சி கனத்துப்போன வண்டி அந்த ஒடிப்புக்குத் தாங்காது.

அப்படியானால் மாமா சொன்ன ரேஸ்? அது லாரிக்காரர்களின் துணிச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தேடிப் பார்த்தால், டயர் தயாரிக்கும் மிஷலின் நிறுவனமே மோட்டார்ஹோம் ஓட்டுநர்களுக்காக 'தி கிரிட்டிக்கல் ஃபேக்டர்' என்று ஒரு வீடியோ எடுத்திருக்கிறது. பழைய வீடியோ, படத்தின் தரம் சுமார்தான். ஆனால் சொல்வது மாமா சொன்ன அதே விஷயம்: டயர் வெடித்த கணத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்து, வண்டியை நேர் செய், பிறகு மெதுவாகக் காலை எடு.

காரணம் எளிமையானது. வெடித்த டயர் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. என்ஜின் பின்சக்கரங்கள் வழியாக முன்னுக்குத் தள்ளுகிறது. இரண்டும் ஈடாகிவிட்டால், மிச்சமிருக்கும் பக்கவாட்டு இழுப்பை ஸ்டீயரிங்கால் சமாளிக்கலாம். வேகம் கூட்டுவது இங்கே நோக்கமே இல்லை. வேகம் திடீரென்று விழாமல் பார்த்துக்கொள்வதுதான். அன்று நான் நன்றாகவே மிதித்தேன். என்ஜின் அலறியதே தவிர, வேகமானி முள் மேலே ஏறவே இல்லை.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் 'மிதி' என்று சொல்வதில்லை. அமெரிக்காவின் கனரக வாகன லைசென்ஸ் கையேடு சொல்வது: ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடி, பிரேக்கிலிருந்து காலை விலக்கு, எதன் மீதாவது மோதப் போகிறாய் என்றால் தவிர, வண்டி வேகம் குறையும் வரை பிரேக்கைத் தொடாதே. நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.ஹெச்.டி.எஸ்.ஏ-வின் அறிவுரையும் இதே போக்குதான். ரேஸ் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பிரேக் வேண்டாம் என்பதில் யாருக்கும் வேறுபாடு இல்லை. என் கருத்தைக் கேட்டால், முதல்முறை ஓட்டுகிறவர் 'மிதி' என்று நினைவில் வைத்துக்கொள்வதே நல்லது. ஏனென்றால் 'சும்மா இரு' என்று சொன்னால் கால் கேட்காது. அதற்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்தால்தான் பிரேக் பக்கம் போகாமல் இருக்கும்.

அந்தக் கையேட்டில் இன்னொரு நல்ல குறிப்பு உண்டு. டயர் வெடிக்கும் சத்தத்துக்கும் வண்டி அதை உணர்வதற்கும் நடுவே சில விநாடிகள் ஆகலாம். அதனால் வேறு வண்டி என்று நினைத்துவிடுவீர்கள். எந்தச் சத்தம் கேட்டாலும் அது உங்கள் டயர்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. 65 மைல் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 29 மீட்டர் ஓடுகிறது. பக்கத்து டிரக்கைத் திரும்பிப் பார்த்து நான் வீணாக்கியது அதைத்தான்.

முன்னாடியா, பின்னாடியா?

முன் டயர் போனால் கையில் தெரியும். பின் டயர் போனால் இடுப்பில் தெரியும். சீட்டு அதிரும், வால் ஆடும். எங்களுடையது போன்ற 'கிளாஸ் சி' வண்டிகளில் பின்பக்கம் லாரி மாதிரி ஜோடி டயர்கள், மொத்தம் ஆறு. ஜோடியில் ஒன்று போனால் வண்டி பெரும்பாலும் கட்டுப்பாட்டில்தான் இருக்கும். ஆபத்து வேறு விதமாக வரும். உள் டயர் காற்றில்லாமல் கிடப்பது வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. அதன் சுமையையும் சேர்த்து வெளி டயர் சுமக்கும். சுமந்து சூடாகி, இருபதோ ஐம்பதோ மைல் கழித்து அதுவும் போகும்.

எங்களுக்கு முன் வலது. அமெரிக்காவில் வண்டிகள் வலது பக்கம் ஓடுகின்றன. அவசரத்துக்கு ஒதுங்கும் இடமும் வலது பக்கமே. அதாவது வண்டி எங்களை இழுத்ததே நாங்கள் போக வேண்டிய பக்கம்தான். அதே டயர் இடதாக இருந்திருந்தால் பக்கத்து லேனில் வந்த பதினெட்டுச் சக்கர டிரக்கின் மேல் போயிருப்போம். இதை அதிர்ஷ்டம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

நேராக வந்ததும் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். க்ரூஸ் கன்ட்ரோல் போட்டிருந்தால் அதைப் பட்டனால் அணைக்க வேண்டும். பிரேக்கைத் தட்டி அணைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, இங்கே அது வேண்டாம். "அவசரப்படாதீங்க, உருட்டுங்க, உருட்டுங்க" என்று மாமா சொல்லிக்கொண்டே வந்தார். முப்பது மைலுக்குக் கீழே வந்த பிறகுதான் பிரேக்கை லேசாகத் தொட்டேன். சாலை ஓரம் மண் சரிவாக இருந்த இடத்தை விட்டுவிட்டு, சமமான தார் ஓரம் வரும் வரை ரிம்மிலேயே உருட்டிக்கொண்டு போனேன். ரிம் வீணாகுமே என்று பார்க்கக் கூடாது. ரிம்முக்குப் பணம் கொடுத்தால் வேறு கிடைக்கும்.

உள்ளே இருந்தவர்கள்

இதை எழுதும்போது எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. வெடித்த நேரத்தில் அத்தை பெல்ட் போடாமல் எழுந்து நின்று, ஃபிரிட்ஜிலிருந்து தயிர்சாத டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வீடு மாதிரி இருப்பதால் ஓடும் வண்டி என்பதே மறந்துவிடுகிறது. வண்டி இழுத்ததில் சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் தோள் இடித்து விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் ஒன்றரை மாதம் கையைத் தூக்க முடியவில்லை. நான் பிரேக் அடித்திருந்தால் அவர் விழுந்திருப்பது மேஜையில் அல்ல, முன் கண்ணாடியில்.

நான்கு வயது மகள் அதற்குப் பத்து நிமிடம் முன்புவரை பின்கட்டிலில் படுக்கிறேன் என்று அழுதுகொண்டிருந்தாள். மனைவி விடவில்லை, கார் சீட்டில் கட்டியே வைத்திருந்தாள். அந்தக் கட்டிலின் மேல் பலகையிலிருந்து மிக்ஸி விழுந்து கிடந்ததை வண்டி நின்ற பிறகுதான் பார்த்தோம்.

நின்ற பிறகுதான் அடுத்த ஆபத்து

வண்டி நின்றதும் 'அப்பாடா' என்று உட்காரத் தோன்றும். மாமா விடவில்லை. "முதல்ல கேஸ மூடுங்க" என்றார். மோட்டார்ஹோமின் ஃபிரிட்ஜ், அடுப்பு, ஹீட்டர் எல்லாம் புரொப்பேன் வாயுவில் ஓடுபவை. வெடித்த டயரிலிருந்து பிய்ந்த ரப்பர் பட்டைகள் சக்கரத்தோடு சுற்றும்போது சாட்டை மாதிரி அடிக்கும்; தகரத்தைக் கிழிக்கும், வயரை அறுக்கும், சில வண்டிகளில் கேஸ் குழாயையும் விட்டுவைக்காது. எங்கள் வண்டியில் சக்கரத்துக்கு மேலிருந்த மூடியைக் காணவே இல்லை. விளக்கு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. கேஸ் வாசனை இல்லை. இருந்தாலும் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் மற்ற வேலை.

எல்லாரும் வலது பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையிலிருந்து தள்ளிப் போய் நிற்க வேண்டும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் நேராக டிராஃபிக்கில்தான் இறங்குவீர்கள். ஓரத்தில் நிற்கும் வண்டியைப் பின்னாலிருந்து வந்து இடிக்கும் விபத்துகள் எல்லா நாட்டு நெடுஞ்சாலையிலும் நடக்கின்றன. நின்றுபோன வண்டிக்குப் பின்னால் வைக்கச் சிவப்பு முக்கோணங்கள் இருக்க வேண்டும். கனரக வாகனங்களுக்கு இரட்டைச் சாலையில் 10, 100, 200 அடி தூரத்தில் மூன்று வைக்கச் சொல்கிறது விதி. எங்கள் வண்டியில் ஒன்றுகூட இல்லை. நாலு பக்க விளக்கைப் போட்டுவிட்டு, பானெட்டைத் தூக்கிவைத்தோம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 'மூவ் ஓவர்' சட்டம் இருக்கிறது; ஓரத்தில் உதவி வண்டி நின்றால் லேன் மாறிப் போக வேண்டும், இல்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எல்லாரும் குறைக்கிறார்களா என்றால், எங்களைக் கடந்துபோன காற்றின் அடியே பதில்.

இன்னொரு சிக்கல் எந்த அறிவுரையிலும் இல்லாதது. வெளியே 43 டிகிரி செல்சியஸ். மரம் கிடையாது. குழந்தையை வண்டிக்குள் வைத்தால் மோதல் பயம். வெளியே வைத்தால் வெயில் பயம். கடைசியில் சாலைக்கு எதிர்ப்பக்கம், வண்டிக்கு நன்றாக முன்னால் தள்ளி, கம்பிவேலியில் பெட்ஷீட்டைக் கட்டி நிழல் செய்தோம். கையில் இருபத்து நான்கு பாட்டில் தண்ணீர் இருந்தது. பாலைவனத்தில் போகிறவர்கள் டூல்ஸை மறந்தாலும் தண்ணீரை மறக்க வேண்டாம்.

911-க்கு அழைத்தபோது முதலில் கேட்டது மைல் கல் எண். கூகுள் மேப்பில் புள்ளியாகத் தெரிவதை வாயால் சொல்ல முடியாது. ஓரத்தில் பச்சைப் பலகையில் இருக்கும் அந்த எண்ணை வண்டி ஓடும்போதே பக்கத்தில் இருப்பவர் கவனித்து வந்தால் உதவி வேகமாக வரும். ரோந்து அதிகாரி முதலில் வந்தார். டயர் வண்டி வர இரண்டே முக்கால் மணி நேரம். மாமா ஸ்டெப்னி எங்கே என்று தேடினார். இல்லை. வாடகை மோட்டார்ஹோம்கள் பலவற்றில் ஸ்டெப்னியே வைப்பதில்லை. இருந்தாலும் ஆறரை டன் வண்டியை ஹைவே ஓரத்தில் ஜாக்கி போட்டுத் தூக்குவது நம் வேலை இல்லை. முப்பது வருஷம் டயர் கழற்றியவரே, "இங்க வேண்டாம் மாப்ள, சரிவா இருக்குது" என்று சொல்லிவிட்டார்.

ஏன் வெடித்தது?

காத்திருந்த நேரத்தில் மாமா கிழிந்த டயரைச் சுற்றி வந்து பார்த்தார். "பட்டன் நல்லாத்தான் இருக்குது. ஆனா டயரு கெழடு" என்றார். பக்கவாட்டு ரப்பரில் வறண்ட குளத்தின் வண்டல் போல வெடிப்புகள். பட்டன் ஆழமாக இருந்தால் டயர் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது கார்க்காரர்களின் கணக்கு. தினமும் ஓடும் கார் டயர் தேய்ந்து சாகும். மோட்டார்ஹோம் வருஷத்தில் பாதி நாள் வெயிலில் நின்றுகொண்டே இருக்கும். அதன் டயர் தேய்வதற்கு முன்னாலேயே மூப்படைந்துவிடும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை வறட்டிவிடுகின்றன.

வயதைக் கண்டுபிடிப்பது சுலபம். டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். முதல் இரண்டு எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். எங்கள் டயரில் இருந்தது 1915. அதாவது 2015-ன் 19-வது வாரம். ஒன்பது வயது. ஐந்து வயதுக்கு மேல் வருஷா வருஷம் ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும், பத்து வயதானால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்கிறது மிஷலின். மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களில் ஆறேழு வருஷத்திலேயே மாற்றுகிறவர்கள் நிறைய. ஒரு தொல்லை: முழுக் குறியீடு பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அது உள்பக்கமாகப் போயிருந்தால் வண்டிக்கு அடியில் படுத்து, ஃபோன் வெளிச்சத்தில்தான் படிக்க முடியும். படுக்கலாம், தப்பில்லை.

வயதுக்கு அடுத்தது காற்று. காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் மடிப்பு சுடுமே, அதே கதை. சூட்டில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகு இழைகளுக்கும் உள்ள ஒட்டு விடுகிறது. அதோடு அரிசோனா ஜூன் மாதத் தார்ச்சாலை. வெடிப்பது ஒரு கணத்தில். அதற்கான வேலை பல மணி நேரமாக நடந்துகொண்டிருக்கும்.

'காற்றுக் குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியுமே' என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2000-ம் ஆண்டின் 'டிரெட்' சட்டத்துக்குப் பிறகு, 2007 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் புதிய கார்கள் எல்லாவற்றிலும் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ஆனால் அந்த விதி 10,000 பவுண்ட் வரையுள்ள வண்டிகளுக்குத்தான். பின்னால் ஜோடி டயர் உள்ளவற்றுக்கும் கிடையாது. எந்த வண்டிக்கு அந்த விளக்கு மிகவும் தேவையோ, அதற்கு அது கட்டாயம் இல்லை. வால்வில் திருகி வைக்கும் சென்சார்கள் தனியாகக் கிடைக்கின்றன. வாடகைக்கு எடுப்பவர்கள் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் கையில் ஒரு அளவுமானியாவது வேண்டும்.

அளக்க வேண்டியது காலையில், வண்டி நகர்வதற்கு முன். ஓடிய டயரில் காற்று விரிந்திருக்கும். 80 பி.எஸ்.ஐ உள்ள டயர் 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடானால் அளவுமானி 90 காட்டும். அதிகமாகிவிட்டதே என்று பெட்ரோல் பங்க்கில் காற்றைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. ஆறின பிறகு அந்த டயர் 70-ல் நிற்கும். அடுத்த நாள் வெடிப்புக்கு அதுவே அச்சாரம்.

அரிசி மூட்டையும் கணக்கில் உண்டு

எடை விஷயத்தில் நம்மவர்களைக் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும், என்னையும் சேர்த்து. எங்கள் வண்டி ஃபோர்டு இ-450 சேஸிஸ். இந்த ரகத்தில் பல வாடகை வண்டிகள் உண்டு. மொத்த எடை வரம்பு 14,500 பவுண்ட். அதில் வரும் 16 அங்குல டயர் ஒன்று, 80 பி.எஸ்.ஐ காற்றோடு, தனியாக இருந்தால் 2,680 பவுண்ட் தாங்கும். ஜோடியில் இருந்தால் 2,470 மட்டும். பின்னால் நான்கும் சேர்ந்து 9,880. பின் அச்சின் வரம்பு ஏறக்குறைய 9,500. ஆக, காற்று முழுதாக இருந்தாலே கையிருப்பு சில நூறு பவுண்ட்தான். 40 கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அதுவே 330 பவுண்ட்!

நாங்கள் தொட்டியை நிரப்பியிருந்தோம். அதற்கு மேல் அரிசி, குக்கர் இரண்டு, மிக்ஸி, மடக்கு நாற்காலிகள், அத்தை விடாப்பிடியாக எடுத்துவந்த இட்லிப் பானை. வண்டிக்குள் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை. டிரக் ஸ்டாப்களில் 'கேட் ஸ்கேல்' என்ற எடைமேடைகள் உண்டு. சில டாலர் கொடுத்தால் ஒவ்வொரு அச்சின் எடையும் தனித்தனியாக அச்சடித்து வரும். முகாம் போடும் இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் தொட்டியைக் கால்வாசி நிரப்பினால் போதும்.

இதைச் சொல்லும்போது எல்லாப் பழியையும் ஓட்டுநர் தலையில் கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவில் இதற்கு ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. குட்இயர் நிறுவனத்தின் ஜி159 டயரை 1996 முதல் 2003 வரை தயாரித்தார்கள், 275/70ஆர்22.5 அளவு பல பெரிய மோட்டார்ஹோம்களில் பொருத்தப்பட்டது. ஒரு குடும்பத்தின் மோட்டார்ஹோம் சாலையைவிட்டு விலகிக் கவிழ்ந்தது. டயர்தான் காரணம் என்று வழக்குப் போட்டார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் அந்த டயர் வழக்கத்தை மீறிச் சூடாவதைக் காட்டும் சோதனை முடிவுகள் தங்களுக்குத் தரப்படவே இல்லை என்பது, வழக்கை உடன்பாட்டில் முடித்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கீழ் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 27 லட்சம் டாலர் விதித்தது. 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ஏற்கவில்லை. மறைத்ததால் ஏற்பட்ட செலவை மட்டுமே கணக்கிட வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. என்.ஹெச்.டி.எஸ்.ஏ விசாரித்து அழுத்தம் கொடுத்த பிறகு, 2022 ஜூனில்தான் 1,73,000-க்கும் மேற்பட்ட டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. கடைசி டயர் தயாராகிப் பத்தொன்பது வருஷம் கழித்து. அப்போதும் நிறுவனம் சொன்னது, காற்றுக் குறைவும் அதிக எடையும்தான் பிரச்சினை, டயர் அல்ல என்று.

கட்டையால் ஒரு தட்டு

டயர்க்காரர் வந்து முன்பக்கம் இரண்டையுமே மாற்றினார். இடதும் அதே 1915. மாமா அவரிடம் சைகையில் ஒரு சுத்தியலைக் கேட்டு வாங்கி, பின்னாலிருந்த நான்கையும் தட்டிப் பார்த்தார். நம் ஊரில் லாரி கிளீனர்கள் டீக்கடை நிறுத்தத்தில் கம்பியால் தட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றுள்ள டயர் 'டங்'கென்று துள்ளும். இல்லாதது 'தொப்'பென்று சொல்லும். டயர்க்காரர் சிரித்துக்கொண்டே தன் வண்டிக்குள்ளிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்து நீட்டினார். இங்கேயும் டிரக் டிரைவர்கள் அதையேதான் செய்கிறார்கள், அதற்கென்றே ஒரு கட்டை விற்கிறார்கள். தட்டுவதால் அளவு தெரியாது. 80 இருக்க வேண்டிய இடத்தில் 60 இருந்தால் சத்தத்தில் பிடிபடாது. ஜோடியில் உள் டயர் சுத்தமாகப் போயிருந்தால் மட்டும் பளிச்சென்று தெரியும்.

எங்கள் உள் டயர் ஒன்று 'தொப்' என்றது.

அளந்தால் 22 பி.எஸ்.ஐ. ஃபீனிக்ஸிலிருந்து கிளம்பும்போதே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதையும் அங்கேயே மாற்றச் சொன்னேன். மூன்று டயருக்கும் சாலையோரக் கூலிக்கும் ஆன தொகையை வண்டிக்காரர் முதலில் தர மறுத்தார். டாட் எண்ணின் படங்களை அனுப்பிய பிறகு பாதியைத் தந்தார். மீதிக்கு இன்னும் மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸ் வரை அதற்கப்புறம் 55 மைலைத் தாண்டவில்லை. அத்தை தோளில் ஐஸ் கட்டியோடு, பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்தார். நிறுத்திய இடத்திலெல்லாம் மாமா இறங்கி, கட்டையோடு ஆறு டயரையும் சுற்றி வந்தார்.